துயருற்ற இல்லமும் விசுவாசமும்

சென்ற வருஷம் ஐப்பசி மழையின் இடையே ஒரு மாலைப்பொழுதில், நம் கலாசாலையில் முன்பு கல்வி பயின்ற மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். புதுச்சேரி நகரத்துக்கு வடமேற்கே, ஊசுட்டேரியைக் கடந்து மயிலம் செல்லும் வழியில் உள்ள சேதராப்பட்டு அவர் குடியிருக்கும் ஊர். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் அஃது ஓர் எல்லைக் கிராமம். ஒரு வயல் பிரெஞ்சு ஆட்சிக்கும் அடுத்த வயல் ஆங்கில ஆட்சிக்கும் உரியனவாய்க் கிடந்த நாட்கள் அவை. சென்னை மாகாணம் முழுவதிலும் 1948-ஆம் வருஷத்தில் மதுவிலக்கு வந்தபோது, எல்லையைத் தாண்டினால் மது கிடைக்கும் என்னும் பெயர் அப்பகுதிக்கு உண்டாயிற்று. 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி நீங்கியும் அப்பெயர் மட்டும் நீங்கவில்லை. இன்று அவ்வூரில் தொழிற்பேட்டை அமைந்து, பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர் வந்து பிழைக்கின்றனர். நம் மாணாக்கரும் அங்கு ஒரு தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்பவர்.

அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு தம் வரலாற்றைச் சுருக்கிச் சொன்னார். சகோதரியின் விவாகத்துக்காகக் கடன் பட்டதும், அக்கடன் வளர்ந்ததும், அதனை மனைவியிடம் மறைத்ததும், உறக்கம் இழந்ததும், உறக்கத்தின் பொருட்டு மதுவை நாடியதும், மது சினத்தை வளர்த்ததும் ஆகிய இவையே அவ்வரலாறு. நம் நாட்டில் இது புதிய கதையன்று. ஆயினும் அவர் முடிவாகச் சொன்ன ஒரு வார்த்தை இன்றளவும் என் செவியில் நிற்கின்றது. "ஐயா, நான் வாசற்படி ஏறும் ஓசை கேட்டவுடன் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகின்றனர்" என்றார்.

உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அவரை ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்திருந்தாராம். விசுவாசம் கொண்டால் கடன் தீரும், குடி ஒழியும், குடும்பம் தழைக்கும் என்று அங்கு உறுதி கூறினராம். "அது மெய்தானா? மெய்யானால் நாளைக்கே வருகிறேன்" என்று அவர் என்னைக் கேட்டார். கிறிஸ்தவன் என்னும் முறையில் நான் உடனே 'ஆம்' என்று விடை கூறியிருக்க வேண்டும் என்று சிலர் எண்ணலாம். என் நா எழவில்லை. அன்று சொல்ல இயலாது போனதைச் சிந்தித்து எழுதியதே இவ்வியாசம்.

தம் துயரத்தால் இல்லம் வாடுகிற வேளையில் கிறிஸ்தவ விசுவாசத்தை அடைந்தவர்களுள் நம் தமிழகத்தில் முதலாக நினைக்கத்தக்கவர் நட்டாலம் நீலகண்டனார். கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ள நட்டாலத்தில் 1712-ஆம் வருஷம் பிறந்த இவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் உத்தியோகம் வகித்தவர். உயர்ந்த குடும்பம், கல்வி, அரண்மனைத் தொடர்பு ஆகிய யாவும் அவருக்கு இருந்தன. பார்கவி அம்மாள் என்பார் அவர் மனைவியார். இவ்வாறு குறைவற்று வாழ்ந்த நாளில் அவருக்கு இழப்புக்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, செல்வம் கரைந்தது. பொருள் இழப்பைக் காட்டிலும் கொடியது அதன் பின் வந்த மனச்சோர்வு. வீட்டுத் தலைவன் முகம் இருண்டால் வீடு முழுவதும் இருளும் என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அந்நாளில் உதயகிரிக் கோட்டையில் அவரோடு பழகியவர் யூஸ்தாக்கியுஸ் டிலனாய் என்னும் ஐரோப்பியப் படைத்தலைவர். டச்சுக் கம்பெனியின் சேனையில் இருந்த அவர் 1741-ஆம் வருஷம் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்பு அம்மன்னருக்கே படை பயிற்றும் பணியை ஏற்றவர். டிலனாய் தாமும் யாவற்றையும் இழந்தவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. சுற்றத்தை விட்டு, கொடியை விட்டு, எதிரியின் நாட்டில் வாழ்ந்த மனிதர் அவர். நண்பரின் வாட்டத்தைக் கண்டு அதன் காரணத்தை வினவிய டிலனாய், வேதாகமத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்தார் என்று மரபு கூறுகின்றது.

இவ்விடத்தில் சிறிது நிற்போம். துயரில் இருக்கும் ஒருவனுக்குச் சொல்வதற்கு வேதாகமத்தில் எத்தனையோ அற்புதங்கள் உண்டு. குருடர் பார்வை பெற்றதைச் சொல்லலாம்; ஐந்து அப்பத்தால் ஐயாயிரம் பேர் பசியாறியதைச் சொல்லலாம். அவற்றையெல்லாம் விட்டு அந்தப் படைத்தலைவர் யோபுவைத் தெரிந்துகொண்டது ஏன்? யோபுவின் புஸ்தகம் நாற்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்டது. அதில் துன்பத்தின் காரணம் யோபுவுக்கு இறுதிவரை சொல்லப்படுவதில்லை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவரும் வந்து ஏழு நாள் வாய்திறவாது அவனோடு தரையில் அமர்கின்றனர். அந்த ஏழு நாளே அவர்கள் செய்த உதவி என்று நான் எண்ணுவதுண்டு. வாய் திறந்தபின் அவர்கள் கூறியதெல்லாம் ஒன்றே: நீ பாவம் செய்தாய், ஆதலின் துன்புறுகிறாய், நீ திரும்பினால் செல்வம் திரும்பும். கடவுளோ முடிவில் அந்நண்பர்மேல் சினங்கொள்கிறார். முறையிட்டும் வழக்காடியும் கதறிய யோபுவையே நேர்மையாகப் பேசியவன் என்கிறார். விசுவாசத்தை விலையாகக் கொடுத்துச் சுகத்தை வாங்கலாம் என்று உறுதி கூறுவோர், அந்த மூன்று நண்பரின் வகுப்பில் சேர்ந்தவர் என்பது என் துணிபு. சேதராப்பட்டு நண்பருக்கு ஜெபக்கூட்டத்தில் கிடைத்த உறுதியும் அவ்வகுப்பினதே.

யோபுவின் மனைவியைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். எபிரேய மூலத்தில் அவள் ஒரே ஒரு முறை பேசுகின்றாள். அதுவும் கடிய வார்த்தை. பிரசங்கிமார் பலர் அவளைப் பழிப்பதோடு அமைந்துவிடுவர். ஆனால் அப்புஸ்தகத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவளது பேச்சு நீள்கின்றது. தான் பெற்ற மக்களின் நினைவே அற்றுப்போனதையும், தான் வீடு வீடாகக் கூலிவேலைக்கு அலைவதையும், பொழுது எப்பொழுது சாயும் என்று காத்திருப்பதையும் அவள் அங்கே சொல்லிப் புலம்புகின்றாள். பத்துப் பிள்ளைகளையும் இழந்தவன் யோபு என்கிறோம். அப்பத்துப் பேரையும் சுமந்து பெற்றவள் அவள் அல்லளோ? புண்பட்ட மனிதனின் வரலாற்றைச் சொல்லும்போது அவன் அருகில் நிற்பவளின் புண்ணை மறந்துவிடுகிறோம் என்பதை, ஈராயிரம் வருஷங்களுக்கு முன்னரே அந்த மொழிபெயர்ப்பாளர் உணர்ந்தனர் போலும்.

நீலகண்டனார் 1745-ஆம் வருஷம் மே மாதம் 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவாகிய புட்டாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளைத் தழுவித் தேவசகாயம் என்று அவருக்குப் பெயர் வழங்கினர். மனைவியாரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று அழைக்கப்பட்டார். துயரத்தில் தொடங்கிய தேட்டத்தில் கணவன் ஒருவழியும் மனைவி ஒருவழியுமாகப் பிரியாமல் இருவரும் ஒன்றுபட்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இழந்த செல்வம் திரும்பிற்றா? நான்கு வருஷம் கழியுமுன், 1749-ஆம் வருஷம் பிப்ரவரியில் தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டார். அடியும் அவமானமும் பெற்றார்; எருக்கம்பூ மாலை சூட்டி எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுசென்றனர் என்பர். 1752-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தண்டனை அடைந்தது சமயத்தின் பொருட்டன்று, அரசியல் குற்றத்தின் பொருட்டே என்று வாதிக்கும் சரித்திரக்காரரும் உளர். அவ்வழக்கை இங்கு விசாரிக்க இடமில்லை. கோட்டாற்றில் உள்ள தூய சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் பெற்றது. 2022-ஆம் வருஷம் மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் பாப்பு பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். இந்தியாவில் குருப்பட்டம் பெறாத இல்லறத்தாருள் அவ்வரிசையில் இடம் பெற்ற முதல்வர் அவரே. அச்சமயம் சாதியைக் குறிக்கும் 'பிள்ளை' என்னும் பட்டம் அவர் பெயரோடு சேர்க்கப்படாமல் விடப்பட்டதையும் நம் மாணாக்கர் குறித்துக்கொள்வாராக.

ஞானப்பூ அம்மாளைப்பற்றிப் பேசுவோர் சிலரே. கணவர் இறந்தபின் அவ்வம்மையார் சொந்த ஊரில் வாழ இயலாமல் வடக்கன்குளத்தில் தங்கி, 1766-ஆம் வருஷம் அங்கேயே உயிர்நீத்தார். பதினான்கு வருஷ விதவை வாழ்க்கை அது. விசுவாசம் குடும்பத்தின் சுமையைக் குறைக்கும் என்று கணக்கிட்டு வந்தவராயிருந்தால், அந்தத் தம்பதிகள் முதல் அடியிலேயே திரும்பியிருப்பர். அவர்கள் பெற்றது வேறு. முன்பு ஒருவர் தனியே சுமந்து இருளடைந்த துயரம், பின்பு இருவரும் அறிந்து சுமந்த துயரமாயிற்று.

ஆனால் எல்லா இல்லங்களிலும் இஃது இவ்வாறு நடைபெறுவதில்லை. மராத்தியக் கவிஞர் நாராயண வாமன திலகரின் இல்லம் இதற்கு எதிரான சான்று. திலகர் பெரும் புலமையும் நிலையற்ற மனமும் உடையவர், ஓரிடத்தில் தங்கார், கையில் உள்ளதைப் பிறருக்கு வாரிக் கொடுத்துவிட்டு வீட்டில் அரிசி இல்லாமை அறியாதிருப்பார். அவருடைய உள்ளப் போராட்டத்தின் செலவையெல்லாம் இளம் மனைவியாகிய லக்ஷ்மிபாய் அம்மையாரே செலுத்தினார். 1893-ஆம் வருஷத்தில் இரயில் வண்டியில் சந்தித்த ஐரோப்பியர் ஒருவர் அவருக்குப் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். 1895-ஆம் வருஷம் பிப்ரவரியில் பம்பாயில் திலகர் ஞானஸ்நானம் பெற்றார். மனைவியின் இசைவு அதற்கு இல்லை. செய்தி கேட்ட அம்மையார் துக்கத்தால் உயிர் துறக்கும் நிலையடைந்தார்; சிறு மகனோடு உறவினரிடம் தங்கி, ஏறக்குறைய ஐந்து வருஷம் கணவரைப் பிரிந்து வாழ்ந்தார்.

திலகர் கண்டடைந்த சமாதானத்தை நான் ஐயுறவில்லை. எனினும் அவர் சமாதானம் அடைந்த அதே நாளில் அவர் மனைவி சமாதானம் இழந்தார் என்பதும் மெய். இதனை மறைத்து, கணவர் விசுவாசம் அடைந்ததும் குடும்பம் செழித்தது என்று எழுதுவோர், அந்த ஐந்து வருஷத்தை ஒரு ஸ்திரீயின் வாழ்நாளிலிருந்து திருடுகின்றனர். பின்பு அம்மையார் அஹமத்நகர் வந்து சேர்ந்தார். வந்தவுடனும் கணவர் மதத்தைத் தழுவினாரல்லர். தம் ஆசாரத்தைத் தனியே காத்துக்கொண்டார். திலகர் அதற்கு இடம் கொடுத்தார். பொறுமையற்ற அம்மனிதர் தம் வாழ்நாளில் கற்ற மிகக் கடினமான பாடம் அக்காத்திருப்பே என்று தோன்றுகின்றது. சாதிப் பாகுபாடு மனிதர் செய்தது என்னும் எண்ணம் அம்மையாரின் சொந்த உள்ளத்தில் எழுந்து, 1900-ஆம் வருஷத்தில் அவர் தாமே ஞானஸ்நானம் பெற்றார். திலகர் 1919-இல் மறைந்தபின், அவர் முடிக்காது விட்ட கிறிஸ்தாயனம் என்னும் காவியத்தைத் தொடர்ந்து பாடியவரும் அவரே. 'ஸ்மிருதி சித்திரே' என்னும் பெயரில் 1934 முதல் வெளிவந்த அவருடைய சுயசரிதம் மராத்தி வசனத்தில் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. கணவரை நேசித்துக்கொண்டே அவரை எள்ளி நகையாடும் ஆற்றல் அவ்வம்மையாருக்கு இருந்தது. நம் பெண் மாணாக்கர் அவசியம் தேடிப் படிக்கவேண்டிய நூல் அது.

இனிக் குடியின் விஷயம். நம் சேதராப்பட்டு நண்பருக்கு மிக அணித்தான வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது. பில் வில்சன் என்பவர் நியூயார்க் நகரத்துப் பங்குச்சந்தைத் தரகர், தீராக் குடியர். அவர் மனைவி லோயிஸ் அம்மையார் கடையொன்றில் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். 1934-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பழைய குடித்தோழர் ஒருவர் வில்சனைக் காண வந்து, குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆக்ஸ்போர்டு குழுவினர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தாரோடு சேர்ந்ததே காரணம் என்றார். அக்குழுவை உண்டாக்கியவர் பிராங்க் புக்மன் என்னும் லுத்தரன் போதகர். அவரே முன்பு 1908-ஆம் வருஷத்தில் தம்மோடு முரண்பட்ட ஆறு பேர்மேல் வைத்த வன்மத்தால் வாடி, ஒரு சிற்றாலயத்தில் மனம் உடைந்து, ஆறு பேருக்கும் மன்னிப்பு வேண்டிக் கடிதம் எழுதியவர். தன் குற்றத்தை மற்றொருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதல், தீங்கு செய்தவரிடம் சென்று ஈடு செய்தல் ஆகிய இரண்டையும் அக்குழு வற்புறுத்திற்று.

வில்சன் அதே டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு அவருக்கு ஒரு பெரும் தெய்வ அனுபவம் உண்டாயிற்று. அதன்பின் அவர் குடிக்கவேயில்லை. இதைச் சொல்வோர் பலர், மருத்துவமனையைச் சொல்லாமல் விடுவர். குடி ஒரு நோய் என்று அவருக்கு விளக்கியவர் அங்கிருந்த வைத்தியர் சில்க்வர்த் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உறக்கமின்மையும் உளச்சோர்வும் குடியும் வைத்தியரிடம் செல்லவேண்டிய நோய்கள். செல்வது விசுவாசக் குறைவு ஆகாது. 1823-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை சேதராப்பட்டுக்கு அதிக தூரமில்லாத கோரிமேட்டில் இருக்கின்றது. மனநோய்க்கென்று தனிப் பிரிவும் அங்கு உண்டு.

1935-ஆம் வருஷம் ஆக்ரன் நகரத்தில் வில்சன், டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்னும் மற்றொரு குடியரைச் சந்தித்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் தேதியே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கத்தின் பிறந்தநாள். கிறிஸ்தவக் குழுவின் மடியில் பிறந்தும், எச்சமயத்தாரும் வருவதற்கு ஏற்றபடி, அவரவர் அறிந்தவாறு கடவுளைக் கொள்ளலாம் என்று அது கதவைத் திறந்து வைத்தது. நம்மவருள் சிலர் இதனைக் குறையாகக் கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தமிழ்நாட்டிலும் அச்சங்கத்தின் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அது வகுத்த பன்னிரண்டு படிகளுள் எட்டாவதும் ஒன்பதாவதும், தன்னால் துன்புற்றவர் பெயர்களைக் கணக்கிட்டு அவர்களுக்கு ஈடு செய்யவேண்டும் என்பன. ஈடு செய்வதே அவர்களுக்குப் புதிய தீங்கு ஆகுமானால் செய்யலாகாது என்னும் விலக்கும் அங்கு உண்டு. மனைவியை அடித்தவன் 'நான் இப்பொழுது விசுவாசி, மன்னித்துவிடு' என்று கட்டளையிடுவது ஈடு ஆகாது. அஞ்சி விலகி நிற்க அவளுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை மதிப்பதே அவன் செய்யத்தக்க ஈடு.

லோயிஸ் அம்மையாருக்கு என்ன நேர்ந்தது? கணவர் குடியை விட்டபின் ஒருநாள், கூட்டத்துக்குப் புறப்படலாம் என்று அவர் அழைத்தபோது, அம்மையார் பொங்கிய சினத்தால் காலணியை எடுத்து அவர்மேல் வீசினார். குடித்துத் திரிந்த வருஷங்களில் பொறுத்தவர், நல்லவனானபின் வீசினார்! தாம் எத்தனையோ வருஷம் ஜெபித்தும் உழைத்தும் செய்ய முடியாததை அயலார் சிலர் சில நாளில் செய்துவிட்டனரே என்னும் வேதனையே அதன் காரணம் என்று அவர் பின்பு தெரிந்துகொண்டார். குடியரின் குடும்பத்தாரும் தனியே ஆறுதல் பெறவேண்டியவர் என்று கண்டு, 1951-ஆம் வருஷத்தில் அல்-அனான் என்னும் குடும்பச் சங்கத்தை ஏற்படுத்தினார். கணவன் மீண்ட நாளிலேயே மனைவியும் மீண்டுவிடுவாள் என்று எதிர்பார்ப்போர் அந்தக் காலணியை நினைத்தல் நலம்.

இவற்றையெல்லாம் படித்துத் தொகுத்துக்கொண்டு, மார்கழி மாதத்தில் நான் சேதராப்பட்டுக்குச் சென்றேன். "விசுவாசத்தால் கடன் தீரும் என்று நான் சொல்லமாட்டேன், தம்பி, அவ்வாறு கர்த்தர் யாருக்கும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. உம்மை மறைத்துக்கொள்ளாமல் ஒருவர்முன் நிற்பதே அதன் தொடக்கம். கர்த்தர்முன் நிற்கத் துணிந்தவர் மனைவிமுன் நிற்க ஏன் அஞ்சவேண்டும்?" என்றேன். அவர் தலை குனிந்தார். மனைவியார் அடுக்களையிலிருந்து காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார். பிள்ளைகள் இருவரும் கதவின் பின் நின்றனர். அன்று வேறொன்றும் நிகழவில்லை. நானும் கடைசிப் பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடன் கொடுத்தவர் பெயரும் தொகையும் வட்டியும் ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி மனைவியாரிடம் கொடுத்தாராம். அம்மையார் அதனை இருமுறை படித்து, இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள், கூட்டலில் ஓரிடத்தில் பிழை இருக்கிறது என்று காட்டி, பென்சிலால் திருத்தினாராம். கோரிமேட்டு வைத்தியரிடம் இருமுறை சென்றுவந்ததாகவும், ஞாயிறுதோறும் ஆலயத்தில் பின்வரிசையில் சென்று அமர்வதாகவும், ஞானஸ்நானத்தைப்பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்றும், மனைவியார் உடன் வருவதில்லை என்றும், வரும்படி தாம் கேட்கவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.